உழைப்பின் விலை

இடைக்காலம் முதல் எந்திரக்காலம் வரையிலான வரலாற்றை முடிமன்னர் பெயர்களால் அளந்தே நாம் பழகிவிட்டோம். உழைப்போர் கூலியைக் கொண்டும் அதனை அளக்கலாம். இங்கிலாந்தை நோக்குவோம். 1348இல் அங்குப் புகுந்த கொள்ளைநோய் மக்களில் மூன்றிலொரு பங்கினரையேனும் மாய்த்தது. ஆள் அருகவே கூலி உயர்ந்தது. நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் பெறுவது குற்றம் என்றது 1351ஆம் ஆண்டுச் சட்டம். 1381இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர், ஒடுக்கப்பட்டனர். பின்னர் ஆலைகள் பெருகின. பட்டாலை நீங்கலான நெசவாலைகளில் ஒன்பது வயது நிரம்பாச் சிறாரை அமர்த்தலாகாது என்ற தடை 1833இல்தான் வந்தது. அவ்வாலைகளில் பெண்டிர்க்கும் இளையோர்க்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை என்ற வரம்பு 1847இல் கிட்டியது. கூலிக்கு அணைகட்டச் சட்டத்திற்கு மூன்றாண்டு போதுமாயிற்று. உழைப்பு நேரத்திற்கு இவ்வெல்லை வகுக்க மேலும் ஐந்நூறாண்டு வேண்டியிருந்தது. மாலையில் மணி பார்த்துப் பணிவிட்டெழும் நாம் இதனை மறத்தலாகாது.