மின்தடையும் மின்திறனும் கணக்கிடல்

ஒரு கருவிக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தை அதில் பாயும் மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். முதல் உறவை ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் வாட்டர் ஹீட்டரின் தடை 23 ஓம், திறன் 2300 வாட். ஒரு மணி நேரத்துக்கு 2.3 யூனிட் செலவாகும். தடை மாறாமல் மின்னழுத்தம் மட்டும் பாதியானால் திறன் கால்பங்காகிவிடும்.

குண்டு பல்பில் கவனம் தேவை. 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 880 ஓம். குளிர்ந்தபின் மல்டிமீட்டரில் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேறத் தடை கூடுவதே காரணம். எனவே இயங்கும் நிலையில் அளந்த மதிப்புகளையே கொள்ள வேண்டும். மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டார்களுக்குப் பெருக்குத்தொகையைத் திறன் காரணியாலும் பெருக்கினால்தான் உண்மைத் திறன் கிடைக்கும்.