பண்புக்கு மதிப்பெண் இட்ட பள்ளி

1891ஆம் ஆண்டு, ஸ்ரீநகரில் சர்ச் மிஷனரி சொசைட்டி நடத்திவந்த ஆண்கள் பள்ளிக்குத் தோல் கால்பந்து ஒன்று வந்து சேர்ந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் காஷ்மீரப் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். தோல் தீட்டு என்பதால் அதைத் தொட மறுத்தனர். ஆசிரியர்கள் கையில் கம்புடன் மைதானத்தைச் சூழ்ந்து நிற்க, ஆட்டம் தொடங்கியது. ஒரு சிறுவனின் முகத்தில் பந்து பட்டது. தீட்டுப்பட்டுவிட்டதென்று அவன் அழ, ஆட்டம் நின்றது. அவனைக் கால்வாயில் கழுவி அழைத்துவரச் செய்தார் பள்ளித் தலைவர். பின்னர் ஆட்டம் தொடர்ந்தது.

அவர் பெயர் சீசில் ஏர்ல் டின்டேல்-பிஸ்கோ (1863–1949). 1890இல் ஸ்ரீநகருக்கு வந்தவர் 1947 வரை அங்கேயே பணியாற்றினார். 1884இல் ஆக்ஸ்ஃபோர்டை வென்ற கேம்பிரிட்ஜ் படகுக் குழுவில் சுக்கான் பிடித்தவர். சிறிய உடல்வாகு கொண்டவர்களுக்கே வாய்க்கும் பொறுப்பு அது. உடல்வலிமையைப் பற்றி வாழ்நாள் முழுதும் பேசியவர் தாமே பலசாலியாகப் பிறந்தவரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. விளையாட்டுக் களத்தில்தான் பண்பு உருவாகிறது என்ற விக்டோரியா காலத்து ஆங்கில உறைவிடப் பள்ளிகளின் நம்பிக்கையை அவர் அப்படியே சுமந்துவந்தார். அந்நம்பிக்கைக்கும் பேரரசுக்கும் இருந்த உறவை ஆராய்ந்த ஜே. ஏ. மேங்கன், 1986இல் வெளியான தம் நூலில் பிஸ்கோவுக்கு முக்கிய இடம் தந்திருப்பதில் வியப்பில்லை.

பந்தைவிடக் கடினமாக இருந்தது துடுப்பு. ஜீலம் நதியில் படகு வலிப்பது ஹாஞ்சிகளின் தொழில். அதைச் செய்தால் சாதி மதிப்புப் போய்விடும் என்று பண்டிதர் பிள்ளைகள் அஞ்சினர். ஆனால் சில ஆண்டுகளில் அதே பிள்ளைகள், மிஷன் மருத்துவமனையில் நோயிலிருந்து தேறிவருவோரைப் படகில் ஏற்றி, தால் ஏரியின் காற்று வாங்க அழைத்துச் சென்றனர். வெள்ளத்தின்போது அப்படகுகள் மீட்புக்கு உதவின; காலராக் காலத்தில் மாணவர்கள் தெருக்களைச் சுத்தம் செய்தனர். நீரில் மூழ்கிச் சாவோர் மிகுந்த அந்நகரில், குறிப்பிட்ட வயதுக்குள் நீந்தக் கல்லாத மாணவனின் கட்டணம் உயர்த்தப்பட்டது. குறுக்காக வைத்த இரு துடுப்புகள் பள்ளியின் சின்னமாயின. துடுப்பின் இலை இதய வடிவிலானது: தண்டு உழைப்பையும் இலை இரக்கத்தையும் குறிக்கும்.

இத்தனைக்கும் நடுவில் இருந்தது ஒரு பதிவேடு. மதிப்பெண்கள் அறிவுக்கு ஒரு பங்கு, உடலுக்கு ஒரு பங்கு, ஆன்மாவுக்கு ஒரு பங்கு எனப் பிரிக்கப்பட்டன. ஆன்மா என்பதை வழிபாட்டால் அளக்கவில்லை. ஆசிரியரிடமும் சக மாணவரிடமும் நகர மக்களிடமும் மாணவன் நடந்துகொண்ட விதமே அதன் அளவுகோல். விளையாட்டில் மதிப்பெண் திறமைக்கு அன்று, முயற்சிக்கு. வலியவனையே எப்போதும் பாராட்டினால் எளியவன் முயற்சியையே கைவிட்டுவிடுவான் என்பது பிஸ்கோ எழுத்தில் தந்த விளக்கம். மெட்ரிகுலேஷன் தேர்ச்சி ஒன்றையே கல்வியின் பயனாகக் கருதிய குடியேற்றக்காலக் கல்விச் சூழலில், முதல் மாணவனைவிடச் சராசரி மாணவன் மீது கூடுதல் கவனம் வைத்தது இப்பதிவேடு. விடாமுயற்சியை ஒரு பள்ளி எவ்வாறு ஊக்குவிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விதி அக்காலத்தில் அரிது.

ஆயினும் பதிவேட்டையும் கம்பையும் தனித்தனியே வாசிக்க இயலாது. எது துணிவு, எது கோழைத்தனம் என்பது மாணவன் பள்ளிக்குள் நுழையும் முன்பே முடிவாகியிருந்தது. பண்டிதர் வீட்டுப் பிள்ளையின் தயக்கத்தில் சாதித் திமிரும் இருந்தது, ஊர்விலக்கு பற்றிய அச்சமும் இருந்தது. பிஸ்கோ இரண்டையும் ஆண்மைக் குறைவு என்றே படித்தார். 'அனைத்திலும் ஆண்களாக இருங்கள்' என்பதே பள்ளியின் முழக்கம். 1920இல் காஷ்மீரில் பண்பு உருவாக்கம் பற்றி அவர் எழுதிய நூலில் நகைச்சுவை ததும்புகிறது. நகைக்கப்படுவோர் பெரும்பாலும் காஷ்மீரிகளே. மறுபுறம், அவரை மதமாற்றத்துக்காக வந்த மற்றொரு மிஷனரி என்று ஒதுக்குவதும் பொருந்தாது. அவரிடம் படித்து மதம் மாறியோர் மிகச் சிலரே; அதற்காக மிஷன் வட்டாரத்திலேயே அவர்மீது குறை கூறப்பட்டது. தொடுவதற்கு அஞ்சிய கைகள் பின்னர் நோயாளிகளைத் தூக்கின என்பது சாதி வரலாற்றில் சிறிய நிகழ்வன்று.

பண்பை ஏட்டில் பதியும் ஆசை இந்தியப் பள்ளிகளைவிட்டு அகலவில்லை. சி.பி.எஸ்.இ. 2009இல் கொண்டுவந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, மனப்பாங்குக்கும் விழுமியங்களுக்கும் தரக்குறியீடு வழங்கியது. 2017இல் அது கைவிடப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முன்மொழியும் முழுமையான முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு, மாணவன் தன்னைத் தானே மதிப்பிடவும் சக மாணவர் மதிப்பிடவும் இடமுண்டு. ஸ்ரீநகரின் பதிவேட்டை நிரப்பியவர்கள் ஆசிரியர்கள். கால்வாயில் கழுவப்பட்ட சிறுவனைப் பற்றி நாம் அறிவதும் அவனைக் கழுவச் சொன்னவரின் எழுத்து வழியாகவே.