போலீஸ் ஏட்டில் ஏறாத பெண்கள்

லால்குடி வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் ஒரு பட்டியலில் அடுத்தடுத்து வரும். கீழவாளாடி பிச்சை, வாளாடி பெரியசாமி, இடையாற்றுமங்கலம் நாகமுத்து. 1957-இல் திராவிடர் கழகம் நடத்திய சட்ட எரிப்புப் போராட்டத்துக்காகச் சிறையிலும், வெளியே வந்த பிறகும் உயிர்விட்டவர்கள் என்று அந்த இயக்கம் போற்றுவோரின் பட்டியல் அது. ஆண்பெயர்களாகவே படித்துக்கொண்டு வரும்போது நடுவே ஒரு வரி நிறுத்துகிறது: இடையாற்றுமங்கலம் தெய்வானையம்மாள்.

இளைஞர்களின் அரசியல் பங்கேற்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வேறுபாடு என்பதைத் திருச்சி மாவட்டத்தை வைத்து எழுத வேண்டும் என்பதே என் திட்டம். வாக்குச் சதவீதம், ஊராட்சித் தேர்தல், கல்லூரிப் பேரவை என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன். இந்த ஒரு வரி அட்டவணையை ஓரம்கட்டிவிட்டது. லால்குடி வயல்களில் நாற்று நட்ட குடும்பங்களிலிருந்து ஆட்கள் சாரிசாரியாகச் சிறைக்குப் போன காலத்தில் அந்தக் குடும்பங்களின் பெண்கள், அதிலும் இருபது வயதைத் தாண்டாதவர்கள், எங்கே இருந்தார்கள்? எந்தக் காகிதத்தில் அவர்களைத் தேடுவது?

முதலில் போராட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957 நவம்பர் 3-ஆம் தேதி தஞ்சாவூரில் கூடிய கழகத்தின் தனி மாநாடு, சாதியைக் காக்கும் பிரிவுகளை அரசமைப்புச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிரிவுகள் அச்சிட்ட தாளைக் கொளுத்துவோம் என்று தீர்மானித்தது. நாள் நவம்பர் 26. இப்படி ஒரு குற்றத்துக்குத் தண்டனை தர அதுவரை சட்டமே இல்லை. அவசரமாகச் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு. தெரிந்தே ஆயிரக்கணக்கானோர் கொளுத்தினார்கள். நீதிமன்றத்தில் எதிர்வழக்காடாமல் “ஆம், எரித்தேன்” என்று ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். அந்தப் போராட்டத்தின் வலுவான களங்களில் லால்குடி வட்டம் ஒன்று.

இப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சிக்குக் காகிதம் எங்கெல்லாம் விழும் என்று முதலில் கணக்குப் போட வேண்டும். காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, மாஜிஸ்திரேட் தீர்ப்பு, சிறைச்சாலைச் சேர்க்கைப் பதிவேடு, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, கைதானோர் பெயர்களை வெளியிட்டுவந்த ‘விடுதலை’ நாளேடு. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் இப்படித்தான் தேடல் நகரும்: கைதிலிருந்து வழக்கு, வழக்கிலிருந்து தண்டனை, தண்டனையிலிருந்து பெயர். கைதாகாத ஒருவருக்கு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி கூடக் கிடையாது. சோறு பொங்கிக் கொடுத்தவள், தாளை மடியில் வைத்துக் கொண்டுவந்தவள், புருஷன் உள்ளே போனதும் குத்தகை நிலத்தைத் தனியாகப் பார்த்தவள், மாதம் ஒருமுறை மத்தியச் சிறை வாசலில் மனு கொடுத்துக் காத்திருந்தவள், இவர்கள் எவரும் குற்றம் செய்யவில்லை. ஆகவே அரசு அவர்களை எழுதி வைக்கவில்லை.

வாளாடி பெரியசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். எரிப்பில் கலந்துகொண்டபோது அவன் சிறுவன். சிறார் சிறைக்கு அனுப்பப்பட்டான். அங்கே பார்வையிட வந்த ஆளுநர் விஷ்ணுராம் மேதி, “உன்னை விட்டுவிட்டால் மறுபடியும் எரிப்பாயா?” என்று கேட்டதாகவும், “எரிப்பேன்” என்று அவன் சொன்னதாகவும் இயக்க மேடைகளில் இன்றும் சொல்வார்கள். அந்த உரையாடல் சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு பையனுக்கு வயது இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆளுநரின் முகத்துக்கு நேரே பேசிய ஒரு வாக்கியம் இருக்கிறது. அதே பட்டியலில் உள்ள தெய்வானையம்மாளுக்கு ஊரும் பெயரும் மட்டும். அச்சிட்ட அந்த வரியில் வயதுகூட இல்லை.

இது 1957-இன் விசித்திரமா, பழைய வழக்கமா என்று பார்க்கத் திருச்சியின் முந்தைய போராட்டங்களுக்குப் போனேன்.

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை கிளம்பியது. டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து நடக்கத் தொடங்கிய ஏறத்தாழ நூறு தொண்டர்களும் ஆண்கள். அந்தச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று பெயர் பெற்ற ருக்மிணி லட்சுமிபதி, வேதாரண்யத்தில் போய்ச் சேர்ந்துகொண்டவர். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

1938 ஆகஸ்ட் 1-ஆம் தேதி உறையூரிலிருந்து தமிழர் பெரும்படை புறப்பட்டது. கட்டாய இந்தியை எதிர்த்துச் சென்னை வரை 42 நாள் நடை. நூறு பேர் அளவில் நடந்த அந்தப் படையில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒருவரே பெண். பிறந்த ஆண்டு 1883. கணக்குப் போட்டுப் பாருங்கள், 55 வயது! தொடர்ந்து நவம்பர் 13-இல் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் தந்த மாநாடு அதுதான். மறுநாளே பெண்கள் மறியலுக்குப் போனார்கள். அந்தக் கிளர்ச்சி முழுவதிலும் 73 பெண்கள் சிறை சென்றார்கள். கூடவே 32 குழந்தைகள்.

அந்த 32 என்ற எண்ணில்தான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. இடுப்பில் பிள்ளையோடு போனவர்கள் மணமானவர்கள், பெரும்பாலும் கணவனும் மாமனாரும் அதே இயக்கத்தில் இருந்தவர்கள். முன்னணியில் நின்ற டாக்டர் தருமாம்பாள் அப்போது ஐம்பதை நெருங்கியவர். ஆணுக்கு இளமைதான் போராட்டத்தின் நுழைவுச்சீட்டு: கல்யாணம் ஆகாதவன், பொறுப்பு இல்லாதவன், போய்வரட்டும். பெண்ணுக்கோ இளமை தடை. தாயான பிறகு, நரை கண்ட பிறகு, ‘அம்மையார்’ என்று கூப்பிடத் தகுந்த பிறகு தெருவுக்கு வரலாம். ‘இளைஞர்’ என்ற தலைப்பில் தேடினால் ஆண்களே கிடைப்பதற்கு இது ஒரு காரணம். பெண்கள் வேறு வயதில் வந்தார்கள்.

லால்குடி வட்டத்துக்குள்ளேயே இதற்கு மறுபக்கத்தைக் காட்டும் ஓர் ஊர் இருக்கிறது: கல்லக்குடி. 1953 ஜூலை 15-ஆம் தேதி அதன் ரயில் நிலையத்துக்கு இருந்த ‘டால்மியாபுரம்’ என்ற பெயரை மாற்றச் சொல்லி தி.மு.க. மறியல் செய்தது. 29 வயது மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தார். துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். கருணாநிதி திருச்சிச் சிறைக்குப் போனார். 1957 தேர்தலில் குளித்தலையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். இடையில் இருந்தது நான்கே ஆண்டு. சிறைப் பதிவேடு வெறும் தண்டனைக் காகிதம் இல்லை, இளைஞனுக்கு அது அரசியல் நற்சான்றிதழும்கூட. ‘எத்தனை முறை உள்ளே போனாய்?’ என்பது கட்சிகளில் இன்றைக்கும் வேட்பாளர் நேர்காணலில் கேட்கப்படும் கேள்வி. அந்தச் சான்றிதழ் கைக்கெட்டாத இளம்பெண்ணுக்கு அடுத்த படியும் எட்டாது.

1964-65 மொழிப்போரை வேகமாகக் கடந்துவிடலாம், படம் மாறவில்லை. 1964 ஜனவரியில் திருச்சியில் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னசாமி, அடுத்த ஆண்டு விராலிமலை சண்முகம், கீரனூர் முத்து என்று அந்த வீரவணக்கப் பட்டியல் இளம் ஆண்களால் ஆனது. மனைவியையும் சிறு மகளையும் விட்டுச் சென்ற சின்னசாமியின் குடும்பம் அதற்குப் பிறகு நடத்திய வாழ்க்கை, போராட்ட வரலாற்றின் அடிக்குறிப்பு.

அப்படியானால் பெண்களுக்கு அரசியலில் நாட்டம் குறைவா? 2004-இல் மார்க் ஹூகே, டீட்லிண்ட் ஸ்டோலே என்ற இரு அரசியல் அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று இங்கே உதவியது. அமெரிக்காவில் 14 வயது மாணவர்களிடம், வளர்ந்த பிறகு என்னென்ன அரசியல் காரியங்களில் ஈடுபடுவாய் என்று கேட்ட பழைய ஆய்வுத் தரவை அவர்கள் மறுபடி பார்த்தார்கள். செய்ய நினைத்த காரியங்களின் எண்ணிக்கையில் பெண்பிள்ளைகள் பையன்களுக்குப் பின்தங்கவில்லை, முந்தியே இருந்தார்கள். வகைதான் வேறு. பெண்பிள்ளைகள் வாக்களிப்பது, நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவது போன்றவற்றைச் சொன்னார்கள். சாலை மறிப்பது, சுவரில் முழக்கம் எழுதுவது, கட்டடத்தைக் கைப்பற்றுவது, இவற்றில் பையன்களின் கை ஓங்கியிருந்தது.

அந்த இரண்டாவது வரிசையை லால்குடி காவல் நிலைய எழுத்தர் ஒருவரின் கையில் கொடுத்துப் பாருங்கள். மறியலுக்கு ஒரு பிரிவு, சுவரெழுத்துக்கு ஒரு பிரிவு, அத்துமீறலுக்கு ஒரு பிரிவு. ஒவ்வொன்றும் காகிதமாகும், காகிதம் காப்பகமாகும், காப்பகம் வரலாறாகும். முதல் வரிசைக்கு எந்தப் பிரிவும் கிடையாது. நாங்கள் ‘இளைஞர் பங்கேற்பு’ என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பாதி, போலீஸ் எதைக் குற்றமாகக் கருதியது என்பதன் கணக்கு.

இதைச் சொல்லி வேறுபாட்டையே மறுத்துவிடவும் முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல் பெண் வெளியே நிற்கக் கூடாது என்ற வீட்டுச் சட்டம் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. ஆனால் அது இருந்தது, லால்குடியிலும் ஸ்ரீரங்கத்திலும் இன்னும் இருக்கிறது. விதிவிலக்காக ஒரு பெண் முன்னால் வந்தபோது காகிதம் அவரை எழுதத்தான் செய்தது. 1958 மார்ச்சில் திருச்சிச் சிறையில் சட்ட எரிப்புக் கைதிகளான பட்டுக்கோட்டை ராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் அடுத்தடுத்து இறந்தார்கள். கழகத் தலைவர் பெரியார் வேறு வழக்கில் சிறையில். உடல்களைக் கேட்டு அவருடைய மனைவி மணியம்மையார் போராடினார், சென்னைக்குப் போய் ஆட்சியாளர்களைப் பார்த்தார், பெற்றார், திருச்சித் தெருக்களில் இறுதி ஊர்வலத்தை நடத்தினார். தலைமை காலியானபோதுதான் அந்த இடம் ஒரு பெண்ணுக்கு வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

போலீஸ் ஏடு கைவிட்டதால் வாக்காளர் பட்டியலுக்குப் போனேன். 1951-52 முதல் பொதுத்தேர்தலின்போது நாடெங்கும் சுமார் 28 லட்சம் பெண்கள், வட மாநிலங்களில்தான் அதிகம், தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்திருந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அந்தப் பதிவுகளை ஏற்க மறுத்தார். இங்கே நம் பெண்கள் பெயரைச் சொன்னார்கள். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: தந்தை அல்லது கணவர் பெயர்.

அந்தக் கட்டத்தின் வலிமைக்கு லால்குடியே சாட்சி. 1984 சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் வென்ற கே. வெங்கடாசலம், லால்குடி வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லாதவர். பட்டியலில் இருந்தது பெத்து என்பவரின் மகனான வேறொரு வெங்கடாசலம். அந்தப் பதிவைக் காட்டி மனுத்தாக்கல் செய்து, வென்று, சட்டமன்றத்திலும் அமர்ந்துவிட்டார்! எதிர்த்து நின்ற சுவாமிக்கண் வழக்காடினார்; வெங்கடாசலம் அந்த இருக்கையில் அமரத் தகுதியற்றவர் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு. ஒரே பெயர் கொண்ட இரு ஆண்களைப் பிரித்துக் காட்டியது தகப்பன் பெயர். ஆணுக்கு அது சாகும்வரை மாறாது. பெண்ணுக்குக் கல்யாணத்தோடு மாறிவிடும், ஊரும் மாறிவிடும். 18 வயதில் அன்பில் கிராமத்தில் மகளாக இருந்தவள் 22-இல் மண்ணச்சநல்லூரில் மனைவியாக இருக்கிறாள் என்றால், இருவரும் ஒருவரே என்று காட்ட பட்டியலில் ஒரு நூலும் இல்லை. ‘கல்யாணம் ஆகிப் போற ஊர்ல சேத்துக்கலாம்’ என்று பதினெட்டிலேயே சேர்க்காமல் விடும் வீடுகள் இதற்கு மேல். 2025 இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 2002, 2005 பட்டியல் விவரத்தைக் கேட்டபோது, மருமகள்கள் பிறந்த வீட்டுக்குப் போன் போட்டு அப்பா பெயர் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியிருந்தது. மகன்கள் இருந்த இடத்தில் இருந்தே நிரப்பினார்கள்.

இத்தனை தடைக்கும் நடுவே, 1962 மக்களவைத் தேர்தலில் நாட்டளவில் ஆண்கள் 63 சதவீதமும் பெண்கள் 47 சதவீதமும் வாக்களித்த நிலை, 2019-இல் சமமாகி, 2024-இல் பெண்கள் 65.78, ஆண்கள் 65.55 என்று ஆனது. வாக்குச்சாவடி வரைக்கும் பெண்கள் தாமே நடந்து வந்துவிட்டார்கள். அதற்கு அடுத்த கதவைச் சட்டம்தான் திறந்தது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு வந்தது, 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது. 21 வயது ஆனால் ஊராட்சிக்கு நிற்கலாம். சட்டமன்றத்துக்கு அப்படி ஒதுக்கீடு இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. லால்குடிக்கு ஒரு பெண் எம்.எல்.ஏ. 1991-இல் கிடைத்தார், காங்கிரஸின் லோகாம்பாள். 2006 முதல் 2021 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் வென்றவர் ஒரே ஆண்.

என் தீர்ப்பு இது. லால்குடியில் இளம்பெண்கள் அரசியலுக்கு வரவில்லை என்று எழுதும் ஆய்வேடு எதுவானாலும், அது கைது எண்ணிக்கையை வைத்து எழுதப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் அதைத் தள்ளி வைக்கலாம்.

வாளாடி, இடையாற்றுமங்கலம் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் 1957-58 காலத்துச் சிறைக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை, கூட்டத்தில் எடுத்த புகைப்படம் எது இருந்தாலும் எறியாதீர்கள். நகல் எடுத்து மாவட்ட மைய நூலகத்துக்கோ ரோஜா முத்தையா நூலகத்துக்கோ கொடுங்கள். புகைப்படத்தின் பின்னால் ஆண்களின் பெயரை முன்பே யாராவது எழுதியிருப்பார்கள். ஓரத்தில் நிற்கும் பெண்களின் பெயர், அன்றைய வயது, பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், நான்கையும் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.