ஒவ்வாதார் காதல்: கல்லூரி நாவல் வந்த வழி

பெருமாட்டி என்பது தூய தமிழ்ச் சொல். உயர்குலப் பெண்ணை, மதிப்பிற்குரிய தலைவியைக் குறிப்பது. பெயர்க்காரணம் எதுவாயினும், அப்பெயர் தாங்கிய ஊராட்சி ஒன்று கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. அதன் பகுதியான பிளாச்சிமடையில் 2000-இல் தொடங்கிய குளிர்பான ஆலைக்கு எதிராக நிலத்தடி நீருக்காக மக்கள் போராடினர். 2004-இல் ஆலை நின்றது. அதனால் ஊரின் பெயர் உலகறிந்தது. ஆயினும் நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் நீரன்று, நெஞ்சு. தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில் புழங்கும் அவ்வெல்லைப் புறத்தை மனத்திற்கொண்டு, மாறுபட்ட இருவர் கல்லூரியில் சந்தித்துக் காதல் கொள்வதைப் பாடும் நாவல் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இஃது இளையோர் பொழுதுபோக்கு, சங்க மலரில் இதற்கு இடம் ஏன் என்று பெரியோர் சிலர் வினவலாம். தாயகம் விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் இன்று இதனினும் அண்மையான வினா வேறில்லை என்பதே எம் விடை. நம் பிள்ளைகள் பயிலும் வகுப்பறையில் அருகமர்ந்திருப்பவர் பஞ்சாபியாகவோ வங்காளியாகவோ மலையாளியாகவோ இருக்கக்கூடும். அவர்களிடையே அன்பு அரும்பின் நாம் என் செய்வது? வாழ்க்கை இவ்வினாவை நம் வாயிலில் நிறுத்துமுன், நாவல் அதனை நூறாண்டுக்கும் மேலாக எழுப்பி விடை தேடி வந்திருக்கிறது.

ஒப்பு என்னும் பழைய இலக்கணம்

நம் முன்னோர் காதலுக்கு வகுத்த இலக்கணம் ஒப்பு. பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவம், அருள், உணர்வு, செல்வம் முதலாகப் பத்துப் பொருத்தங்களைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எண்ணிக் காட்டுகிறது. தலைவனும் தலைவியும் இவற்றில் ஒத்தவராதல் வேண்டும். தலைவன் சற்று மேம்பட்டவனாயினும் குற்றமில்லை என்று களவியல் இடந்தருகிறது. தலைவி மேம்பட்டவளாதற்கு அங்கே இடமில்லை. இவ்வொருபுறச் சலுகையை வாசகர் நினைவிற்கொள்க. பின்னர் இது பயன்படும்.

எனினும் அவ்விலக்கணத்தின் காலத்திலேயே அதற்கு மறுதலையும் இருந்தது. முன்பின் அறியாத இருவர் நெஞ்சு கலத்தலைச் செம்மண் நிலத்தில் வீழ்ந்த மழைக்கு ஒப்பிட்ட புலவரைச் செம்புலப்பெயனீரார் என்று அவ்வுவமையாலேயே பெயரிட்டுப் போற்றினர் நம்மவர். சேரநாட்டு ஆட்டனத்தியும் சோழன் மகள் ஆதிமந்தியும் இரு நாட்டார். அவன் ஆற்றுவெள்ளத்தில் அகப்பட, அவள் ஊரூராகத் தேடித் திரிந்ததைப் பரணர் நினைவுகூர்கிறார். ஆகவே ஒப்பு என்பது நூலோர் விதி. ஒவ்வாதாரும் ஒன்றுபடுவர் என்பது உலகியல். இவ்விரண்டிற்கும் இடையிலான வழக்கே பின்னாளில் நாவலாயிற்று.

தினைப்புனம் போய்க் கல்லூரி வந்தது

பண்டைத் தலைவனும் தலைவியும் சந்திக்கத் தினைப்புனம் இருந்தது. பிற்காலத்தில் குடும்பமும் சாதியும் இறுகிய சமுதாயத்தில் அத்தகைய பொது இடம் இல்லாதொழிந்தது. அவ்விடத்தை மீண்டும் அளித்தது கல்லூரி. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றது. பாலக்காட்டில் 1866-இல் பள்ளியாகத் தொடங்கியது 1888-இல் விக்டோரியா கல்லூரியாக உயர்ந்தது. சென்னையில் மகளிர்க்கென அரசுக் கல்லூரி 1914-இல் எழுந்தது. கொச்சி அரசின் தனித்துண்டாய் மலபாருக்கும் கோவைக்கும் இடையே கிடந்த சித்தூரில் 1947-இல் அரசுக் கல்லூரி கண்டனர்.

இந்த ஆண்டுகளை உற்று நோக்கின் ஓர் உண்மை புலனாகும். முதலில் ஆண் மட்டுமே கல்லூரி சென்றான்; பெண் வீட்டிலிருந்தாள். ஆகவே நம் முதல் நாவல்களின் ஒவ்வாமை, படித்தவனுக்கும் படிக்க விடப்படாதவளுக்கும் இடையிலானது. அவள் கல்லூரிக்கு வந்த பிறகே இருவரும் நேர் நின்று பேசும் காதற்கதை பிறக்க முடிந்தது.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. முதல் நாவலாசிரியர் பலர் அரசு ஊழியர். 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முனிசீபாக இருந்தவர். 1889-இல் மலையாளத்தில் இந்துலேகாவை அளித்த சந்து மேனோன் மலபார் நீதித்துறையில் பணியாற்றியவர். பத்மாவதி சரித்திரம் தந்த அ. மாதவையா உப்பு இலாகா அதிகாரி. கோப்புகளிடையே நாள் கழிக்கும் எம்போன்ற எழுத்தர்க்கு இஃது ஓர் ஆறுதல். வழக்கு மன்றத்திலும் இலாகா அலுவலிலும் குடும்பங்களின் உள்வழக்கை நாள்தோறும் கண்டவர்களே அவற்றைக் கதையாக்கினர் என்பதில் வியப்பில்லை.

இந்துலேகாவும் பத்மாவதியும்

சந்து மேனோன் ஓர் ஆங்கிலக் காதல் நாவலைத் தம் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல முயன்று, அது கைகூடாமல் தாமே ஒரு நாவலை எழுதத் தலைப்பட்டார். சென்னையில் சட்டம் பயின்ற மாதவனும், ஆங்கிலமும் இசையும் கற்ற இந்துலேகாவும் அதில் ஒருவர்க்கொருவர் ஒத்தவர். குடும்பத் தலைவர் பஞ்சு மேனோன் அவளை அளிக்க நினைத்த சூரி நம்பூதிரியோ குலத்தாலும் செல்வத்தாலும் உயர்ந்து, அறிவால் அவளுக்குச் சற்றும் ஒவ்வாதவர். பழைய பொருத்தம் ஒரு புறம், புதிய பொருத்தம் மறு புறம். பிறப்பும் திருவும் தோற்க, உணர்வும் அறிவும் வென்றன. இந்துலேகா கல்லூரி வாயிலை மிதிக்கவில்லை. ஆயினும் கல்வி பெற்றிருந்தமையால் 'மாட்டேன்' என்று சொல்ல வல்லவளானாள்.

மாதவையாவின் நாவல் இரு பாகங்களாக 1898-இலும் 1899-இலும் வந்தது. நாராயணன் சென்னை சென்று படிக்கிறான். பத்மாவதியோடு அவன் நடத்தும் இல்வாழ்வில் ஐயம் என்னும் நஞ்சு புகுகிறது. கல்லூரி தந்த புதுமையும் வீட்டில் வளர்ந்த பழைமையும் ஒரே ஆடவன் நெஞ்சில் மோதுதலை மாதவையா மறைக்காமல் காட்டினார். 1925-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில், பி.ஏ. வகுப்பில் தமிழ் கட்டாய பாடமாதல் வேண்டும் என்று பேசிய அவர், அங்கேயே உயிர் நீத்தார். கல்லூரிக்கும் தாய்மொழிக்கும் உள்ள உறவை உயிராலேயே எழுதிச் சென்றவர் எனின் மிகையன்று.

விளக்கும் விலங்கும்

விடுதலைக்குப் பின் ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். டாக்டர் மு. வரதராசனார் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து மாணவர் மனத்தை நன்கு அறிந்தவர். 1958-இல் வெளிவந்த அவருடைய அகல் விளக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதில் அழகும் அறிவும் மிக்க சந்திரன், உடன் பயிலும் இமாவதியின் நட்பைக் காதல் என்று கொண்டு ஏமாறுகிறான். கல்லூரியை விட்டே மறைகிறான். அடக்கமான வேலய்யன் அகலாய் நின்று எரிகிறான். பெண் சிரித்துப் பேசினாள் என்பதற்கே பொருள் தெரியாத ஒரு தலைமுறைக்கு மு.வ. தந்த எச்சரிக்கை இது. பழகுதல் வேறு, காதல் வேறு என்பதை நம் சமுதாயம் கற்க வேண்டியிருந்தது.

நா. பார்த்தசாரதியின் பொன் விலங்கு ஒவ்வாமையை வேறொரு தளத்தில் வைத்தது. மல்லிகைப் பந்தலென்னும் மலையூர்க் கல்லூரிக்கு வரும் ஏழை விரிவுரையாளன் சத்தியமூர்த்தி. கல்லூரி அதிபரின் மகளும் மாணவியுமான பாரதி. நாட்டியக் குலத்தில் பிறந்த மோகினி. செல்வமும் இன்மையும், குலப்பெருமையும் குலப்பழியும் அங்கே எதிரெதிரே நின்றன. இலட்சியம் என்னும் பொன்னாலான விலங்கும் விலங்கே என்று நாவலின் பெயரே உணர்த்துகிறது.

ஜெயகாந்தன் இவ்வழக்கின் கசப்பான பக்கத்தைத் திறந்தார். 1966-இல் வந்த அக்கினிப் பிரவேசம் என்னும் சிறுகதை, மழை நாளில் கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் ஏழை மாணவியையும் காரில் வந்த செல்வனையும் சந்திக்க வைத்தது. அதன் தொடர்ச்சியான சில நேரங்களில் சில மனிதர்கள் 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. படித்து உத்தியோகத்திற்கு உயர்ந்த கங்கா, ஆண்டுகள் பல கழிந்தபின் அதே மனிதனைத் தேடிச் சென்று நட்புக்கொள்கிறாள். அவளோ ஆழமானவள், அவனோ மேம்போக்கானவன். ஒவ்வாதார் ஒருவரையொருவர் ஓரளவு மாற்றுகின்றனர். எனினும் முழு விலையையும் செலுத்துபவள் கங்காவே.

பாலக்காட்டுக்காரரின் நாவல்

எல்லைப் புறத்திற்கு மீள்வோம். பாலக்காட்டில் பிறந்து, விக்டோரியா கல்லூரியில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பெற்றவர் ஓ. வி. விஜயன் (1930–2005). பாலக்காட்டு நகருக்கு அண்மையிலுள்ள தஸ்ராக் என்னும் சிற்றூரில் ஓராசிரியர் பள்ளிக்கு அவர் தமக்கையார் ஆசிரியையாகச் சென்றபோது, அவரும் அங்குத் தங்கினார். அவ்வூரே கசாக்கின் இதிகாசம் என்னும் நாவலாயிற்று. 1968-இல் மாத்ருபூமி வார இதழில் தொடராகவும், 1969-இல் நூலாகவும் வந்தது. யூமா வாசுகியின் தமிழாக்கம் நம் வாசகர்க்கும் கிடைக்கிறது.

அதன் தலைவன் ரவி, சென்னையை அடுத்த தாம்பரத்துக் கல்லூரி மாணவன். தேர்வு நெருங்கும் வேளையில் படிப்பையும் காதலி பத்மாவையும் துறந்து, சிற்றன்னையோடு நேர்ந்த பிழையின் சுமையோடு கசாக்கு வந்து சேர்கிறான். பத்மாவோ அமெரிக்கா சென்று மேற்படிப்பு முடித்துத் திரும்பி, அவனைத் தேடி வருகிறாள். கல்வியின் உச்சியை நோக்கி ஏறியவள் ஒருத்தி, அதிலிருந்து இறங்கி வந்தவன் ஒருவன். இங்கே சாதியோ மொழியோ செல்வமோ தடையன்று. இருவர் வாழ்வு சென்ற திசைகளே ஒவ்வாதவை. தலைவி மேம்படலாகாது என்ற பழைய இலக்கணத்தின் ஒருபுறச் சலுகை இங்கே தலைகீழாகிவிட்டது. அவள் அழைக்கிறாள், அவனால் செல்ல இயலவில்லை. நாவலின் இறுதியில் பேருந்துக்காகக் காத்து மழையில் கிடக்கும் ரவியை எண்ணும்போதெல்லாம், அகல் விளக்கின் சந்திரன் நம் நினைவிற்கு வருகிறான். எல்லையின் இருபுறத்து மொழிகளும் கல்லூரியை விட்டோடிய இளைஞன் ஒருவனைத் தத்தம் வழியில் வருந்திப் பாடியுள்ளன.

இரு மாநிலத்தார்

2009-இல் ஆங்கிலத்தில் சேத்தன் பகத் எழுதிய டூ ஸ்டேட்ஸ், புலம்பெயர்ந்த நம் வீடுகளுக்கு நேராக வந்த கதை. அகமதாபாத் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் பஞ்சாபி இளைஞன் கிருஷும் தமிழ்ப் பெண் அனன்யாவும் காதல் கொள்கின்றனர். ஓடிப்போவது அவர்க்கு எளிது. ஆயினும் இரு வீட்டாரின் இசைவு பெற்றே மணப்பது என்று உறுதி பூணுகின்றனர். அவன் சென்னைக்கு வந்து பணிபுரிந்து, அவள் தந்தையாரின் அலுவலக உரைக்குக் கணினியில் வடிவம் அமைத்துத் தருகிறான். தாயார் மேடையேறிப் பாட வழி செய்கிறான். தமிழரைப் பற்றிய கேலிகள் சில அந்நூலில் நமக்கு உவப்பானவை அல்ல. எனினும் ஒன்றை மறுக்கவொண்ணாது: காதலித்த பெண்ணின் குடும்பத்தை அறிய முயல்வதும் காதலின் கடமையே என்று அது காட்டியது. உடன்போக்கை விட 'அறத்தொடு நிற்றல்' அரிது என்பதை நம் அகத்திணையார் முன்பே அறிந்திருந்தனர்.

2015-இல் வெளிவந்த பிரேமம் என்னும் மலையாளத் திரைப்படத்தில், கேரளக் கல்லூரிக்குக் கற்பிக்க வரும் தமிழ்ப்பெண் மலரும், மாணவன் ஜார்ஜும் இரு மொழியார். அப்படத்தைச் சென்னை மக்களும் நெடுநாள் கண்டு களித்தனர். சித்தூர்ச் சந்தையில் நாள்தோறும் நிகழும் இருமொழிப் பேச்சை அறிந்தார்க்கு, அக்காதலில் அயன்மை ஏதும் தோன்றியிராது.

எது அளவுகோல்?

இந்நூல்களை ஒருசேர வைத்து நோக்கின், ஒவ்வாதார் காதலை அளக்க ஓர் அளவுகோல் கிட்டுகிறது. யார் எதனை இழந்தார் என்பதே அது. இருவரும் சிறிது விட்டுக்கொடுத்து இருவரும் சிறிது கற்றுக்கொண்டால் அது காதல். ஒருவரே மொழியையும் உணவையும் வழிபாட்டையும் பெயரையும் இழக்க நேரின், அது கூட்டல் அன்று, கழித்தல். பெரும்பாலும் அவ்வாறு இழப்பவள் பெண்ணே என்பதை மேற்கண்ட வரலாறு உணர்த்துகிறது. இந்துலேகாவிற்குக் கல்வி துணை நின்றது. கங்காவிற்குக் கல்வி உத்தியோகம் தந்தும் ஊர் வாய் அடங்கவில்லை.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பாலக்காடும், பீர்மேடு, தேவிகுளமும் கேரளத்தில் நின்றன. செங்கோட்டை தமிழகம் வந்தது. வரைபடத்தில் கோடு வீழ்ந்தது, வீடுகளில் வீழவில்லை. அங்குள்ள தமிழர் மலையாளம் கற்றனர், தமிழை விட்டாரில்லை. தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் அம்மாவட்டங்களில் உள்ளன. பிறமொழி கற்றல் வேறு, தன்மொழி இழத்தல் வேறு என்பதற்கு அவர்களே சான்று. சேய்மை நகரங்களில் வாழும் நாமும் அவர்களைப் பார்த்து நடத்தல் நன்று.

ஆதலின் பெற்றோர்க்கு எம் விண்ணப்பம் ஒன்று. பிள்ளை வேற்றுமொழித் துணையை விரும்பின், குலத்தையும் சாதகத்தையும் வினவுமுன், 'உன் வீட்டு மொழியை எங்களுக்குக் கற்பிப்பாயா? எங்கள் மொழியை நீ கற்பாயா?' என்று வினவுக. பிள்ளைகளுக்கும் ஒன்று: அன்பு கொண்டவரின் பெயரை அவர் தாய்மொழி எழுத்தில் எழுதக் கற்றுக்கொள்க. வருகின்ற மருமகள் பஞ்சாபியாயினும் வங்காளியாயினும், அவளுக்குத் தமிழ் அகரம் கற்பிக்கும் மாமியார் நம் வீட்டில் இருப்பாராயின், அவள் மொழியில் நலம் விசாரிக்கும் மாமனாரும் இருப்பாராயின், அவ்வீட்டில் தமிழ் குறையாது, ஒருவர் கூடுவர். அத்தகைய இல்லத்துத் தலைவியையே பெருமாட்டி என்ற சொல்லால் அழைத்தல் தகும்.