காலை உணவும் கணக்கேடும்

புதுக்கடையில் நான் கற்பிக்கும் பாடசாலைக்குக் கம்பனியொன்றின் ஊழியர்கள் ஒரு தவணைக்காலம் வாரந்தோறும் வந்து, இலவசமாகக் காலையுணவு வழங்கினர். ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞரும் யுவதியரும் மனமுவந்து வந்தவர்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயின் முதல் நாள், நிழற்படம் எடுக்கும் வரை பொதியை அவிழ்க்கலாகாது என்று மாணவருக்குக் கட்டளையாயிற்று. படம் பிடிப்பவர் வரத் தாமதித்தார். சூடான பொதியைக் கையில் ஏந்தியபடி, பசித்த பிள்ளைகள் வெயிலில் கால்மணி நேரம் நின்றனர். அன்று மாலையே நான் பழைய வரலாறுகளைப் புரட்டத் தொடங்கினேன்.

பள்ளிப்பிள்ளையின் பசியைத் தீர்ப்பது தர்மமா, கடமையா? இக்கேள்வி நூறாண்டுகளுக்கு முன்பே சென்னையில் எழுந்தது. 1920இல், சேர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பாடசாலையில், மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பின்னர் வேறு நான்கு பாடசாலைகளும் இதில் சேர்ந்தன. பயன் விரைவிற் புலனாயிற்று. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671ஆகப் பெருகியது. வறுமையினால் வீட்டில் நின்ற பிள்ளைகள் பசியாறவும் படிக்கவும் வந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் 1925 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் அச்சிற்றுண்டி நின்றது. எவரும் அதைத் தீயதென்று கூறவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாதென்று ஆங்கில அரசாங்கம் மறுத்துவிட்டது, அவ்வளவே. கரும்பலகை கல்விச் செலவு. சுண்ணக்கட்டி கல்விச் செலவு. மாணவனின் வயிறு மட்டும் கல்விக்குப் புறம்பானது! இத்தனைக்கும், 1906ஆம் ஆண்டிலேயே, உள்ளூராட்சி மன்றங்கள் வரிப்பணத்தைக் கொண்டு பள்ளிப்பிள்ளைகளுக்கு உணவளிக்கலாமென்று இங்கிலாந்தின் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. இங்கிலாந்துப் பிள்ளைக்கு உண்டு, சென்னைப் பிள்ளைக்கு இல்லை. ஏகாதிபத்தியம் என்பதை மாணவருக்கு விளக்க நான் இப்போது இவ்விரு ஆண்டுகளையே எடுத்துக்கொள்கிறேன்.

1927இல் திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. பின் வந்த கதை பலரும் அறிந்ததே. காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956இலும், எம். ஜி. ஆரின் சத்துணவுத் திட்டம் 1982இலும் தொடங்கின. 2001 நவம்பரில், சமைத்த மதிய உணவு அரசாங்க ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் உரித்து என இந்திய உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. காலையுணவைத் தமிழ்நாட்டரசு 2022 செப்ரெம்பரில் மதுரையிற் தொடங்கியது. காமராசர் காலத்தில் ஊர்மக்களின் நன்கொடையும் பெறப்பட்டதென்பது உண்மை. ஆனால் அந்நன்கொடை அரசாங்கத்தின் பொறுப்புக்குத் துணையாக நின்றதேயன்றி, அதற்கு மாற்றாக நின்றதன்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1952 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி இருபத்தைந்து சதக் கூப்பன் அரிசியை வாக்களித்து வென்றது. கொரியப் போர் தந்த றப்பர் விலையேற்றம் விரைவில் வடிந்தது. திறைசேரி வறண்டது. மானியத்தைக் குறைக்குமாறு உலக வங்கியின் தூதுக்குழுவும் ஆலோசனை கூறியிருந்தது. 1953 யூலையில், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன அரிசி விலையை எழுபது சதமாக உயர்த்தினார். புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. அதே கத்தி, பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் வெட்டியது.

ஆகஸ்ற் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று வேலைத்தலங்களும் கடைகளும் மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மக்களுக்கு அஞ்சிய மந்திரிசபை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூபவுண்லான்ட்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி விலையும் பின்னர் குறைக்கப்பட்டது. இவ்வெழுச்சியைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அரிசி விலையைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, பள்ளி உணவை அரை வாக்கியத்திற் கடந்துவிடுகின்றன. பிள்ளைகளுக்குத் தொழிற்சங்கம் இல்லை, வாக்கும் இல்லை.

எனினும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பொதுக் கணக்கேட்டில் எழுதப்பட்ட உணவை ஒரு பேனாவின் கோடு அழித்துவிடலாம். சென்னையில் அழித்தது, கொழும்பிலும் அழித்தது. ஆனால் கோடிட்டவன் யாரென்று மக்களுக்குத் தெரியும். அவனிடம் கேட்கலாம், அவனை எதிர்த்து வீதிக்கு இறங்கலாம், அவன் நாற்காலியையும் அசைக்கலாம். கம்பனியின் கணக்கேட்டில் இருக்கும் உணவுக்கு எந்த வீதியில் இறங்குவது?

2022இன் நெருக்கடிக்குப் பின், அரசாங்கம் 2024இல் பாடசாலை உணவை ஆரம்பப் பிரிவு முழுமைக்கும் விரித்தது. வரவேற்கத்தக்க செயல். ஆயினும் பெரும்பாலான பாடசாலைகளில் அது ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆறாம் தரத்தில் காலெடுத்து வைக்கும் பிள்ளைக்குப் பசி மட்டும் வகுப்பேறாமல் பின்தங்கிவிடுமா? எங்கள் மாணவர் கம்பனியின் பொதிக்கு வரிசையில் நின்றது இந்த இடைவெளியில்தான். இப்புதுக்கடை நீதிமன்றங்களின் பேட்டை. உரித்துக்கேட்டு நாடெங்குமிருந்து மக்கள் இங்கே வருகின்றனர். எங்கள் பிள்ளைகள் அக்கட்டடங்களைக் கடந்தே வெறுவயிற்றுடன் பாடசாலைக்கு வருகின்றனர்.

அடுத்த தவணையின் முதல் வாரத்தில், அந்தச் சட்டைக்காரர்கள் வரவில்லை. ஏழாந்தர மாணவர் சிலர் மணியடித்த பின்னும் வாயிலையே பார்த்து நின்றனர். “சேர், இன்னைக்கு வர மாட்டாங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். அதிபர் கம்பனிக்குத் தொலைபேசியிற் பேசினார். மறுமுனையிலிருந்தவர் மிக மரியாதையாகவே பதில் கூறினாராம்: இவ்வாண்டு அவர்களின் சமூகப்பணி மரம் நடுகையாம்.