ஒரு காற்புள்ளியின் பயணம்

இணையக் கடையில் நேற்று கூடையில் போட்ட புடவை இன்றும் அங்கேயே இருக்கிறதா? கடை உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கியின் உபயம். அந்தக் குக்கிக்குள் ஒரு காற்புள்ளி உண்டு. அது வந்த வழிதான் வேடிக்கை.

அதன் பிறந்தகம் மின்னஞ்சல். 1982இல் டேவிட் கிராக்கர் எழுதிய அஞ்சல் விதிகளில் காற்புள்ளிக்கு இரட்டை வேலை: தேதி வரியில் கிழமையைப் பிரிப்பது, பெறுநர் வரியில் முகவரிகளைப் பிரிப்பது. வேறு வேறு வரிகள் என்பதால் தகராறு இல்லை. பின்னால் வந்த வலை, அஞ்சலின் தலைப்பு வரிகளைக் கடன் வாங்கியபோது இரண்டு பழக்கமும் சேர்ந்தே வந்தன.

1994. எம்சிஐ தொலைபேசி நிறுவனத்துக்கு ஓர் இணையக் கடை வேண்டும்; பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க மட்டும் மனமில்லை. வாங்குபவரின் கணினியே சுமக்கட்டும் என்று உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் லூ மொண்டுல்லி குக்கியை உருவாக்கினார். அதன் காலாவதித் தேதி அஞ்சல் பாணியில் அமைந்தது: கிழமை, காற்புள்ளி, தேதி. நெட்ஸ்கேப் தந்த உதாரணத்தில் 1999 நவம்பர் 9 புதன்கிழமை. உண்மையில் அன்று செவ்வாய்!

1995இலேயே மைக்ரோசாஃப்ட் குக்கியைப் பின்பற்றியது. 1997இல் ஆர்எஃப்சி 2109 என்ற தர ஆவணம் வந்து, பல குக்கிகளை ஒரே வரியில் காற்புள்ளியிட்டு எழுதலாம் என்றது. வந்தது வினை. இந்தப் புள்ளி கிழமையுடையதா, அடுத்த குக்கியுடையதா? தேதிக்குப் பதில் ஆயுளை விநாடிக் கணக்கில் சொல்லுங்கள் என்றும் அதே ஆவணம் வழிகாட்டியது. மைக்ரோசாஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எட்டாம் பதிப்பு வரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2000இல் வந்த திருத்தத்தையும் பெரும்பாலான உலாவிகள் சீந்தவில்லை.

2011இல் ஆடம் பார்த் எழுதிய ஆர்எஃப்சி 6265, நடைமுறை வழக்கைப் பார்த்து இலக்கணம் வகுத்தது. அனுப்பும் சர்வருக்குக் கறாரான விதி, வாசிக்கும் உலாவிக்குப் பொறுமையான விதி. குக்கி வரிகளை மட்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள் என்றும் சொன்னது. 2023இல், அந்த வரிகளைத் தனித்தனியாக எடுத்துத் தருவதற்கென்றே உலாவிகளில் ஒரு செயற்கூறு சேர்ந்தது.

அத்தனையும் ஒரு கிழமைக்குப் பின்னால் நின்ற புள்ளியால். பார்த் வகுத்த முறையில் தேதியை வாசிக்கும் உலாவி நாளைப் பார்க்கும், மாதத்தைப் பார்க்கும், வருடத்தைப் பார்க்கும். கிழமையைப் பார்ப்பதே இல்லை.