பேரிடர் நேர ஒலிபரப்பும் விளம்பரதாரர் பெயரும்

புயல், வெள்ளம், நிலநடுக்கம், பெருவிபத்து நேரங்களில் வானொலி நிலையம் தரும் செய்தியையும் எச்சரிக்கையையும் ஒரு நிறுவனத்தின் பெயரோடு சேர்த்து ஒலிபரப்பக் கட்டணம் வாங்குவதையே பேரிடர் நேர ஸ்பான்சர்ஷிப் என்கிறார்கள். சாதாரண விளம்பரம் செய்திக்கு நடுவே இடைவெளியில் வந்து போகும். ‘இந்தப் புயல் செய்திகளை வழங்குபவர்கள்...’ என்ற அறிவிப்போ செய்தியின் நெற்றியிலேயே ஒட்டிக்கொள்கிறது. கரண்ட் போன வீட்டில் பேட்டரி ரேடியோவைக் காதோடு வைத்திருப்பவரால் அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டு எச்சரிக்கையை மட்டும் கேட்க முடியாது. இதை விற்கலாமா, விற்றால் யாருக்கு, எந்த நிபந்தனையோடு என்பதுதான் விவாதம்.

வரலாறு

நியூயார்க்கின் டபிள்யூஇஏஎஃப் நிலையம் 1922 ஆகஸ்ட் 28 அன்று அடுக்குமாடி வீடு விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு நேரத்தை விற்றது. அமெரிக்க வானொலி விளம்பரதாரர் பணத்தில் நடக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். பேரிடர் வந்தால் அந்தப் பணத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1937ஆம் ஆண்டு எதிரெதிரான இரண்டு உதாரணங்களைத் தந்தது.

ஜனவரியில் ஒஹையோ ஆறு பெருக்கெடுத்தபோது லூயிவில் நகரின் டபிள்யூஎச்ஏஎஸ் நிலையம் வர்த்தக நிகழ்ச்சிகளை நிறுத்தியது. எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று ஒரு வாரத்துக்கும் மேலாக இரவு பகல் வாசித்துக்கொண்டே இருந்தது. நகரில் மின்சாரம் போனதும் நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் நிலையம் தொலைபேசிக் கம்பி வழியே அந்தக் குரலை வாங்கி ஒலிபரப்பியது.

மே 6 அன்று ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் நியூஜெர்சியில் எரிந்து 36 பேர் இறந்தார்கள். சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் அறிவிப்பாளர் ஹெர்பர்ட் மோரிசன் அழுகையை அடக்க முடியாமல் பேசிய பதிவு உலகப் புகழ் பெற்றது. தீ பிடிப்பதற்கு முந்தைய பகுதியைப் போட்டுக் கேட்டால், தாம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில் வந்ததையும், ஹிண்டன்பர்க் பயணிகளுக்கு இணைப்பு விமானம் விடுவது அந்த நிறுவனம்தான் என்பதையும் அவர் சொல்வது காதில் விழும். இப்போது ஒலிக்கும் துணுக்குகள் பெரும்பாலும் தீயிலிருந்தே தொடங்குவதால் இது பலருக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாடகத்துக்கு ஸ்பான்சர் கிடையாது. குறுக்கே விளம்பரம் வராததும் அந்தக் கற்பனைப் பேரிடரை நிஜம்போல ஒலிக்க வைத்தது. பரபரப்புக்குப் பிறகு கேம்ப்பெல் சூப் நிறுவனம் நிகழ்ச்சியின் ஸ்பான்சராக வந்து சேர்ந்தது.

சட்டம் வகுக்கும் எல்லை

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 317ஆம் பிரிவு, காசு வாங்கி ஒலிபரப்புவதை யார் காசு என்று சொல்லித்தான் ஒலிபரப்ப வேண்டும் என்கிறது. சொல்லிவிட்டால் போதும், புயல் செய்தியை விற்கக் கூடாது என்று அதில் இல்லை. அவசரகால அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் எச்சரிக்கை மணியின் ஒலியில் மட்டும் கண்டிப்பு அதிகம். ஒரு திரைப்பட விளம்பரத்தில் அந்த ஒலியைச் சேர்த்ததற்காக வயாகாம் நிறுவனத்துக்கு 2015இல் 11,20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

பிரிட்டனில் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதிகளின்படி வானொலிச் செய்தி அறிக்கையிலோ அதை ஒட்டியோ வர்த்தகப் பெயர் வரக் கூடாது. வானிலைக்கும் போக்குவரத்துத் தகவலுக்கும் இந்தத் தடை இல்லை. மற்ற நாட்களில் தெளிவாகத் தெரியும் இந்தக் கோடு புயல் நாளில் அழிந்துவிடுகிறது. அன்று வானிலையே தலைப்புச் செய்தி. எந்தச் சாலை மூழ்கியது என்பது உயிர் காக்கும் தகவல். டயர் கடையின் பெயரோடு வழக்கமாகப் போகும் போக்குவரத்து நிமிடத்தை அன்றும் அதே பெயரோடு விடலாமா என்பதை விதிமுறைப் புத்தகம் தீர்த்துவைக்காது. பணியில் இருக்கும் தயாரிப்பாளர்தான் தீர்க்க வேண்டும்.

விற்பனையின் நடைமுறை

புயல் கரையை நெருங்கும்போது யாரும் ஸ்பான்சர் தேடி அலைவதில்லை. அமெரிக்கக் கடலோர நிலையங்கள் ஜூன் 1இல் தொடங்கும் புயல் பருவத்துக்கு முன்பே மொத்தமாக விற்றுவிடும். ஜெனரேட்டர் விற்பவர், கூரை வேய்பவர், காப்பீட்டு முகவர், வீட்டுச் சாமான் கடைக்காரர் ஆகியோர் வழக்கமான வாடிக்கையாளர்கள். முன்கூட்டியே விற்பதில் ஒரு நன்மை உண்டு: சேதம் பெரிதாகப் பெரிதாக விலை ஏறாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கூரை போட்டுத் தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் ஒப்பந்தக்காரர்களைப் பற்றியும், ஜெனரேட்டருக்கு இரட்டை விலை கேட்கும் கடைகளைப் பற்றியும், இழப்பீட்டை இழுத்தடிக்கும் காப்பீட்டு நிறுவனங்களைப் பற்றியும் புயலுக்கு மறுநாள் அதே நிலையம்தான் பேசியாக வேண்டும். ஸ்பான்சர்களில் செய்தியாக மாறக்கூடிய தொழில்களே அதிகம்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய இடம் விலக்கிக்கொள்ளும் பிரிவு. விமான விபத்து நடந்தால் தங்கள் விளம்பரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று விமான நிறுவனங்கள் எழுதி வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். அதே உரிமை நிலையத்துக்கும் இருக்க வேண்டும்: ஸ்பான்சரே செய்தியாகிவிட்டால் காரணம் கேட்காமல் பெயரை எடுத்துவிடலாம் என்று ஒரு வரி. இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிலையம், செய்தியறைக்கு ஒழுக்க விதி எழுதி மாட்டுவதால் பயன் எதுவும் இல்லை.

விளம்பரதாரரே விலகினால்

ஜப்பானில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிறுவனங்கள் தாங்களாகவே விளம்பரத்தைத் திரும்பப் பெற்றன. காலியான இடங்களைப் பொதுநல அமைப்பான ஏசி ஜப்பானின் அறிவிப்புகள் நிரப்பின. அன்பாக இருங்கள், வணக்கம் சொல்லுங்கள் என்ற அவையே திரும்பத் திரும்ப ஒலித்து மக்களைச் சலிப்படைய வைத்தன. புகார்கள் குவிய, அந்த அமைப்பு வருத்தம் தெரிவித்து, முடிவில் வரும் தன் பெயர் இசையையே நீக்கியது.

பணமே வேண்டாம் என்பவர்கள் வடக்கு டகோட்டாவின் மைனட் நகரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2002 ஜனவரி 18 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அங்கே சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா வாயு கசிந்தது; ஒருவர் இறந்தார். நகரின் ஆறு வர்த்தக வானொலிகளும் கிளியர் சேனல் நிறுவனத்தின் கையில் இருந்தன. அழைத்தபோது யாரும் போனை எடுக்கவில்லை என்றது காவல்துறை. காவல்துறை தன் எச்சரிக்கைக் கருவியைச் சரியாக இயக்கவில்லை என்றது நிறுவனம். பழி யார் மீது என்பது தீரவில்லை. ஆனால் ராத்திரி ஸ்டூடியோவில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கச் சம்பளம் வேண்டும் என்பதில் தகராறு இல்லை.

இந்தியாவில்

தனியார் பண்பலைகள் இங்கே சொந்தமாகச் செய்தி தர முடியாது. உள்ளூர் நிர்வாகம் தரும் இயற்கைச் சீற்றத் தகவல் போன்ற சிலவற்றை 2011ஆம் ஆண்டுக் கொள்கை செய்தியாகக் கருதாமல் அனுமதிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்பேசியும் இல்லாதபோது ஆர்ஜேக்கள் உதவி கேட்டவர்களின் குரலை ஒலிபரப்பியது இந்தக் குறுகிய சந்தில் நடந்ததுதான்.

சமுதாய வானொலிகளின் நிலை இன்னும் இக்கட்டானது. மீனவர்களுக்காகப் பாம்பனில் இயங்கும் 90.4 கடல் ஓசை போன்ற நிலையங்களுக்கு 2024 முதல் மணிக்கு 12 நிமிட விளம்பரம் அனுமதி. அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய் என்பது அந்த ஆண்டு அறிவித்த கட்டணம். ஸ்பான்சர் நிகழ்ச்சியோ மத்திய, மாநில அரசுகளும் பொதுநலத் தகவல் தரும் அமைப்புகளும் தருவதாக இருந்தால்தான் ஒலிபரப்பலாம் என்பது 2006ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி. வியாபாரியைத் தள்ளி வைக்கும் இந்த விதி, பேரிடர் நேரத்தில் அரசையே முக்கிய ஸ்பான்சராக ஆக்கிவிடுகிறது. படகு உடைந்த மீனவருக்கு நிவாரணக் கணக்கெடுப்பின் மீதுதான் மனக்குறை இருக்கும். அந்தக் கணக்கெடுப்பை நடத்தும் துறையே நிவாரணத் தகவல் நிகழ்ச்சிக்கும் பணம் தந்தால், பட்டியலில் விடுபட்டவர்களைப் பேசவிடுவதா என்பதை நிலையமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த மாத நிகழ்ச்சிக்கான பணமும் அதே துறையிடமிருந்தே வர வேண்டியிருக்கும்.